வேட்டித் திரையில் டாம் அண்ட் ஜெர்ரி: எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது

மே மாத விடுமுறை, சேலத்தில் ஒரு மொட்டை மாடி, நாலு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை முப்பது பிள்ளைகள், இரவல் வாங்கிய ஒரு புரொஜெக்டர். இது போதும், ஒரு மணி நேரத்துக்கு டாம் அண்ட் ஜெர்ரி போட்டுவிடலாம். சிக்கல் படத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் வரும். 'சிறந்தவை' என்று தேடினால் ஆஸ்கர் வாங்கிய ஏழு படங்களின் பட்டியல் முதலில் வந்து நிற்கும். அந்த ஏழையும் அப்படியே வரிசையாகப் போட்டால் மூன்றாவது படத்திலேயே பின்வரிசை எழுந்து தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிடும். விருது கொடுத்தவர்கள் ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தவர்கள். பிள்ளைகளோ அடுத்தடுத்து ஏழு படம் பார்க்கப் போகிறார்கள்.

இந்தப் படங்களில் பேச்சு அரிது. பேச்சு செய்ய வேண்டிய வேலையைச் சத்தம் செய்கிறது. ஸ்காட் பிராட்லியின் இசை டாமின் ஒவ்வொரு காலடிக்கும் ஒரு சுரம் வைத்திருக்கும். டாமின் அந்தப் பிரபலமான அலறல், படத்தை எடுத்த இருவரில் ஒருவரான வில்லியம் ஹன்னாவுடைய குரல். ஆகவே எந்தப் படம், எந்த வரிசை, ஸ்பீக்கர் எங்கே என்ற மூன்று கேள்விக்கும் காதை வைத்தே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் எந்தக் காலத்துப் படம் என்று பிரியுங்கள். 1940 முதல் 1967 வரை திரையரங்குக்காக வந்தவை மொத்தம் 161. அதில் 1958 வரை வந்த 114 படங்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா இருவரும் எம்ஜிஎம்மில் எடுத்தவை. அடுத்த 13 படங்கள் ஜீன் டைச் பிராக் நகரில் வைத்து 1961, 62இல் செய்தவை. ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலிக்கும், அசைவு வெட்டி வெட்டிப் போகும். இதற்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள், ஆனால் மொட்டை மாடிக்கு வேண்டாம். கடைசி 34 சக் ஜோன்ஸுடையவை. படம் தொடங்கும்போது எம்ஜிஎம் முத்திரையில் சிங்கம் கர்ஜிக்கிற இடத்தில் டாம் வந்து கத்தினால் அது அவர் படம். டாமுக்குப் புருவமும் தடிப்பாக இருக்கும். பார்க்க அழகு, ஆனால் அடிதடி குறைவு, சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் சலித்துக்கொள்வார்கள். முதல் 114க்குள்ளேயே தேடுங்கள், அதிலும் 1941க்கும் 1954க்கும் நடுவில்.

1954 நவம்பரில் வந்த 'பெட் பீவ்' தொடங்கி சினிமாஸ்கோப் அகலப் படங்கள் வருகின்றன. டிவிக்காக ஓரம் வெட்டிய பிரதிகளில் ஜெர்ரி ஓடிவந்து அடிக்கும் மூலையே காணாமல் போயிருக்கும். அவற்றையும் தள்ளிவிடுவது நல்லது.

இனி வரிசை. ஏழு படம் போதும். ஒவ்வொன்றும் ஏழு முதல் ஒன்பது நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

முதல் படம் 'த பவுலிங் ஆலி கேட்', 1942. அப்போதுதான் பாதிப் பேர் படியேறி வந்துகொண்டிருப்பார்கள், ஜமக்காளத்தில் இடத்துக்குச் சண்டை நடக்கும். இதில் கதை என்று எதுவும் கிடையாது. வழுவழுவென்று மெழுகிய, பந்து உருட்டி விளையாடும் தளம், அதில் ஜெர்ரி சறுக்கி விளையாடும், டாம் வழுக்கி விழும். நடுவில் வந்து உட்கார்ந்தாலும் புரியும்.

இரண்டாவது 'மவுஸ் ட்ரபிள்', 1944. ஆஸ்கர் ஏழில் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்துவது இதுதான். டாமுக்குத் தபாலில் ஒரு புத்தகம் வருகிறது: எலி பிடிப்பது எப்படி. ஒவ்வொரு பக்கத்தையும் படித்து அப்படியே செய்கிறது, ஒவ்வொரு பக்கமும் அதன் தலையிலேயே விடிகிறது. ஒரே கஷ்டம், பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். எனவே பெரியவர் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். படத்தை நிறுத்தி விளக்கக் கூடாது, பக்கம் தெரியும் இரண்டு மூன்று நொடிக்குள் முடித்துவிட வேண்டும். 'மூலையில் மாட்டின எலி சண்டைக்கு வராது' என்று ஒரு பக்கம் வரும். அதை மட்டும் நன்றாகக் கேட்கும்படி சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அடுத்து நடப்பதும், அடி வாங்கிய டாம் நம் பக்கம் திரும்பி 'அதையெல்லாம் நம்பாதீங்க' என்று கரகரத்த குரலில் சொல்வதும் தானாகவே வேலை செய்யும். கடைசியில் டாம் மேகத்தின்மேல் உட்கார்ந்து போகும். 'செத்துப்போச்சா?' என்று ஒரு குழந்தையாவது கேட்கும். அடுத்த படம் உடனே தொடங்கட்டும், அதில் டாம் உயிரோடு வந்து நிற்கும்.

அந்த அடுத்த படம் 'கொயட் ப்ளீஸ்', 1945. ஸ்பைக் நாய்க்குத் தூக்கம் வேண்டும். ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் தோலை உரித்துவிடுவேன் என்று டாமை மிரட்டிவிட்டுப் படுக்கிறது. ஜெர்ரிக்கு இதைவிட என்ன வேண்டும்? பல்புகளைத் தூக்கிப் போட, டாம் ஒவ்வொன்றாகப் பாய்ந்து பிடிக்கிறது. மூன்றாவது இடத்தில் இதைப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது: திரையில் சத்தம் வரக்கூடாது என்று டாம் பதறும்போது கீழே உட்கார்ந்திருக்கும் முப்பது பேரும் தாமாகவே மூச்சை அடக்குவார்கள். 'அமைதி, அமைதி' என்று நீங்கள் பத்து முறை கத்தி வாங்க முடியாத அமைதி அது.

அந்த அமைதியின்மேல் 'த கேட் கன்சர்ட்டோ'வை வையுங்கள். 1947இல் வந்தது. கோட்டும் சூட்டுமாக டாம் மேடையேறி இசையமைப்பாளர் லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரியன் ராப்சடி என்ற பியானோ இசையை வாசிக்கிறது, பியானோவுக்குள் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறது. தொடக்கத்தில் சிரிப்பே கிடையாது. மெதுவான வாசிப்பு, அப்புறம் பியானோவின் சுத்தியல்கள் ஜெர்ரியைத் தூக்கிப் போடும். கூட்டம் அடங்காத நேரத்தில் போட்டால் அந்தத் தொடக்கம் வீணாகிவிடும். இந்தப் படத்தை முதலில் போட்டுக் கெடுப்பவர்கள்தான் அதிகம். முடிவில் டாம் கிழிந்த சட்டையோடு சரிய, கைதட்டல் ஜெர்ரிக்குப் போகும். உங்கள் இடைவேளையும் அங்கேதான்.

இடைவேளை பத்து நிமிடம், அதற்கு மேல் நீட்டாதீர்கள். தட்டுவடை செட் கொடுப்பதாக இருந்தால் காகிதத் தட்டில் கொடுங்கள். காரட், பீட்ரூட் துருவலும் சட்னியும் பட்ட கை முதலில் தேடுவது தொங்குகிற வெள்ளைத் துணியைத்தான்.

திரும்ப உட்கார வைக்க 'மைஸ் ஃபாலிஸ்', 1954: சமையலறையில் தண்ணீரை நிரப்பி உறைய வைத்து எலிகள் சறுக்குகின்றன. அடுத்து 'த மில்லியன் டாலர் கேட்', 1944. இதற்கு முன்கதை ஒரு வரி சொல்லிவிடுங்கள்: பத்து லட்சம் டாலர் சொத்து டாமுக்கு வந்திருக்கு, ஆனால் எந்த உயிரையும், ஒரு எலியைக்கூட, துன்புறுத்தக் கூடாது. அவ்வளவுதான், மீதியைப் பிள்ளைகளே முன்கூட்டிச் சொல்வார்கள்.

கடைசிப் படம் அடங்குகிற படமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடிப்படியில் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு இறங்குவார்கள். 'த நைட் பிஃபோர் கிறிஸ்மஸ்', 1941. பனியில் வெளியே துரத்திய ஜெர்ரியை நினைத்து டாமுக்கு மனசு கேட்காமல் போய்த் தூக்கி வந்து நெருப்பருகே காய வைக்கிறது. முடிவில் எலிப்பொறி 'டக்' என்று அடிக்காமல் ஜிங்கிள் பெல்ஸ் வாசித்தபடி மெதுவாக மூடும். மே மாதத்தில் கிறிஸ்மஸா என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

சிலவற்றைத் தவிர்க்க வேண்டும். 'ப்ளூ கேட் ப்ளூஸ்', 1956, காதல் தோல்வியில் டாமும் ஜெர்ரியும் தண்டவாளத்தில் உட்கார, ரயில் விசில் கேட்பதோடு முடிகிறது. இது பிள்ளைகளுக்கான படம் இல்லை. 'ஹெவன்லி புஸ்', 1949, அருமையான படம், ஆனால் நரகக் காட்சியில் சின்னது அழும். 'த டூ மவுஸ்கடியர்ஸ்', 1952, ஆஸ்கர் வாங்கியது, ஆனால் டாமின் தலை வெட்டப்படுவதோடு முடிகிறது. வெட்டுவது திரையில் தெரியாது என்றாலும் எட்டு வயதுக்கு மேல் மட்டும். இன்னொன்று: அந்தக் காலத்துப் படங்கள் சிலவற்றில் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் காட்சிகள் இருக்கின்றன. முகத்தில் கரி பூசிய நகைச்சுவை, கால் மட்டும் தெரியும் வேலைக்கார அம்மா, 'ஹிஸ் மவுஸ் ஃப்ரைடே'யின் தீவுவாசிகள் எல்லாம் அந்த வகை. போடப்போகும் அதே பிரதியை முந்தின நாள் முழுசாகப் பார்த்துவிடுங்கள். வெட்டின பிரதியும் வெட்டாத பிரதியும் ஒரே பெயரில்தான் உலவுகின்றன.

பிரதியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அல்லது சந்தா கட்டிய சேவையிலிருந்து எடுங்கள். வீட்டுப் பிள்ளைகளோடு பார்ப்பது வேறு. டிக்கெட் போட்டாலோ பொது நிகழ்ச்சியாக நடத்தினாலோ உரிமையாளரின் அனுமதி வேண்டும். இணையத்தில் கிடைக்கும் தொகுப்புகள் பல, கண்டுபிடிக்கப்படாமல் இருக்க இடம் வலம் மாற்றி, பெரிதாக்கி, சுருதியைக் கூட்டி ஏற்றப்பட்டவை. 'மவுஸ் ட்ரபிள்' புத்தக எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் மாறியிருந்தால் அது அந்த ரகம். சுருதி மாறிய 'கேட் கன்சர்ட்டோ' காதுக்குத் தண்டனை.

திரைக்கு எட்டு முழ வேட்டி இரண்டு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவு இன்னும் நிற்கிற ஊரில் வேட்டியில் படம் காட்ட யாரும் கூச்சப்பட வேண்டாம். ஒரு வேட்டி 3.6 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் சொச்சம் அகலம். இரண்டையும் நீளவாக்கில் சேர்த்து, நடுவில் வரும் கரைகளைப் பின்பக்கம் மடித்து, ஓட்டுத் தையல் போட்டால் கிட்டத்தட்ட 2.4 மீட்டர் உயரத் திரை கிடைக்கும். துணி மெல்லிசு, பாதி வெளிச்சம் பின்னால் போய்விடும். எனவே பின்னால் ஒட்டினாற்போல் ஒரு கறுப்புப் போர்வை கட்டுங்கள், படத்தின் கறுப்பு கறுப்பாகத் தெரியும். மேலே கம்பு, கீழே மடிப்புக்குள் மணல் நிரப்பிய ஓர் அங்குல பிவிசி குழாய். கீழ் மூலைகளை விறைப்பாகக் கட்டாதீர்கள். சாயங்காலக் காற்றில் திரை பாய்மரமாகி மேல் கம்பைப் பிடுங்கும். கயிற்றில் ஒரு சாண் தளர்வு இருக்கட்டும்.

இந்தப் படங்கள் 4:3 வடிவம். புரொஜெக்டர் தானாக 16:9க்கு இழுத்துவிடும், டாம் குண்டாகிவிடும், வட்டமான பந்து முட்டையாகிவிடும். மெனுவில் 4:3 வையுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. 1.8 மீட்டர் உயரம், 2.4 மீட்டர் அகலம் படம் வேண்டுமென்றால் புரொஜெக்டரின் முழு 16:9 அகலம் 3.2 மீட்டர். அதன் த்ரோ ரேஷியோ (பட அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் என்ற எண்) 1.5 என்றால் 3.2 × 1.5, அதாவது திரையிலிருந்து 4.8 மீட்டரில் வைக்க வேண்டும். பெட்டியில் வெளிச்சத்தை ஆயிரக்கணக்கில் லூமன் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், முறைப்படி அளந்த ஏஎன்எஸ்ஐ லூமன் எவ்வளவு என்று பாருங்கள். 300தான் என்றால் படத்தின் உயரத்தை 1.2 மீட்டருக்குள் சுருக்குங்கள், இல்லையென்றால் மங்கிய சாம்பல்தான். டிவியில் போடுவதாக இருந்தால் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். கையால் வரைந்த படங்களுக்கு நடுவில் அது பொய்யாகச் சில படங்களைச் செருகி, டாமின் பாய்ச்சலைக் குழைய வைத்துவிடும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். அதில் ஒலி 0.2 நொடி தாமதித்தாலும், நொடிக்கு 24 படம் ஓடுகிற இடத்தில் கிட்டத்தட்ட 5 படம் பின்தங்குகிறது. வாணலி டாமின் முகத்தில் பட்டு, முகம் வாணலி வடிவமாகி முடிந்த பிறகு 'டங்' என்று கேட்கும். அப்போது யாருக்கும் சிரிப்பு வராது, ஏன் வரவில்லை என்றும் புரியாது. பத்து மீட்டர் ஆக்ஸ் வயர் இழுத்து ஸ்பீக்கரைத் திரைக்கு அடியில் வையுங்கள், புரொஜெக்டர் பக்கத்தில் அல்ல. 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்டால் புரொஜெக்டர், லேப்டாப், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். சத்தத்தின் அளவை 'கொயட் ப்ளீஸ்' வைத்துச் சரிசெய்யுங்கள்: அதன் பெரிய சத்தம் பக்கத்து வீட்டை எழுப்பாமலும், அதன் மெல்லிய சத்தம் பின்வரிசைக்குக் கேட்கும்படியும் இருக்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

மே மாதத்தில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் மறையும், 7:15க்கு முன் தொடங்கினால் வேட்டியில் ஒன்றும் தெரியாது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அதன் சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். மின்சாரம் போகும் அந்த இமைப்பொழுதில் புரொஜெக்டர் அணைந்தால், பல்பு வகைப் புரொஜெக்டர் ஆறும்வரை மறுபடி எரியாது.

ஏற்காட்டில் இதையே செய்வதானால் கூடுதலாகச் சில. ஊர் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பல புரொஜெக்டர்களின் கையேடு ஹை ஆல்டிட்யூட் மோடைப் போடச் சொல்லும் எல்லையும் கிட்டத்தட்ட அதுவே. காற்று லேசாக இருப்பதால் மின்விசிறி வேகமாகச் சுற்றினால்தான் சூடு தணியும். போட்டால் இரைச்சல் கூடும், எனவே பிள்ளைகளைப் புரொஜெக்டருக்கு முன்னால் உட்கார வையுங்கள், பக்கத்தில் வேண்டாம். பனிமூட்டம் இறங்கினால் ஒளிக்கற்றை தடித்துத் தெரியும், திரை வெளுத்துப்போகும். அதற்கு மருந்து கிடையாது, கூடத்துக்குள் போய்விடுங்கள். மழை விட்ட சாயங்காலத்தில் ஈசல் கிளம்பும். முப்பதடி தள்ளி ஒரு வெள்ளை பல்பை எரியவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

முடிந்ததும் புரொஜெக்டரை அணைத்து, மின்விசிறி தானாக நின்ற பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள். ஏற்காட்டுக் குளிரில் நன்றாக ஆறிய புரொஜெக்டரை அப்படியே வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். பைக்குள் போட்டு ஜிப்பை மூடி, பிறகு உள்ளே எடுத்துச் செல்லுங்கள். வேட்டியின் ஓட்டுத் தையலை ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். சட்னிக் கறை மட்டும் அன்றைக்கு ராத்திரியே அலசினால்தான் போகும்.