சிமெண்ட் தரையில் கதவடிப் பட்டை போடுவது: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு அடியில் பழைய லுங்கி ஒன்று சுருட்டிக் கிடக்கும். கதவுக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து. சாரல் அடித்தால் தண்ணீர் அடுக்களை வரை வரும், மழை விட்டால் பூரான் வரும். அந்தக் காலத்து நிலைக்கு நாலு பக்கமும் சட்டம் இருந்தது, கீழ்ச்சட்டமே படி மாதிரி நின்று தண்ணீரை மறித்தது. இப்போது பெரும்பாலும் கீழ்ச்சட்டம் இல்லாத நிலைதான் வைக்கிறார்கள். கூட்டித் தள்ள வசதி, காலும் தடுக்காது, ஆனால் அந்தச் சந்து நம் தலையில் விழுகிறது.

இதற்குத்தான் அலுமினியத்தில் பட்டை இருக்கிறது, நடுவில் ரப்பர் வைத்தது. கடையில் 'திரெஷோல்ட்' என்று கேட்டால் சிலருக்குப் புரியாது, "கதவுக்கு அடியில் தரையில் அடிக்கிற அலுமினியப் பட்டை" என்று சொல்லுங்கள். ஹார்டுவேர் கடையில் இல்லையென்றால் அலுமினியப் பார்ட்டிஷன் வேலை செய்கிற கடையில் விசாரிக்கலாம்.

வாங்குவதற்கு முன் கதவடிச் சந்தின் உயரத்தை அளக்க வேண்டும், அதுவும் கதவைச் சாத்திவிட்டு, ஒரே இடத்தில் இல்லாமல் இரண்டு ஓரத்திலும் நடுவிலும். சிமெண்ட் தரை பார்க்க மட்டமாகத் தெரியும், ஆனால் இருக்காது. சாதாரணப் பென்சில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் தடிமன். ஒரு பக்கம் பென்சில் தாராளமாக நுழைந்து இன்னொரு பக்கம் சிக்கினால் தரை மட்டமாக இல்லை என்று அர்த்தம். ரசமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்கள். மேடு சின்னதாக இருந்தால் உப்புக்காகிதமோ கார்பரண்டம் கல்லோ போட்டுத் தேய்த்துவிடலாம், பள்ளம் என்றால் பிறகு சிலிகான் நிரப்பிக்கொள்ளும். பட்டையின் உயரம் அரை அங்குலத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கண்டிப்பாக.

வேண்டியவை: ஹேமர் வசதி (சுற்றிக்கொண்டே இடிப்பது) உள்ள டிரில் மெஷின், 6 மி.மீ. கான்கிரீட் பிட், இரும்புக்கான 5 மி.மீ. பிட், 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக் (தரை ஓட்டைக்குள் செருகி ஸ்க்ரூவைப் பிடிக்க வைப்பது), ஒன்றரை அங்குல எட்டாம் நம்பர் ஸ்க்ரூ, ஆக்சா பிளேடு, அரம், சிலிகான் டியூபும் அதை அழுத்தும் கன்னும். ஸ்க்ரூ துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். கதவடியில் எப்போதும் ஈரம், சாதா இரும்பு ஸ்க்ரூ சீக்கிரமே துருப்பிடித்துத் தலை உடைந்துவிடும்.

சிலிகானில் ஒரு விஷயம். பிரித்ததும் வினிகர் வாடை அடிக்கிற வகையை வாங்காதீர்கள், அதில் வருகிற அமிலத்துக்கும் சிமெண்ட்டுக்கும் ஒத்துவராது, பிடிப்பு விட்டுவிடும். டியூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருக்கும், அதுதான் வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். நிலையின் இரண்டு கால்களுக்கும் நடுவே தரையோடு ஒட்டி அளந்து, அதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைத்துப் பட்டையை ஆக்சாவால் அறுங்கள். ரப்பரைக் கழற்றிவிட்டு அறுப்பது சுலபம், அதைப் பிறகு தனியாகக் கத்தியால் நறுக்கலாம். அறுத்த முனை பிளேடு மாதிரி இருக்கும், அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிடுங்கள்.

இப்போது ரப்பரை மாட்டி, பட்டையை இடத்தில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். கதவின் அடிப்பாகம் சரியாக ரப்பர் மேல் உட்கார வேண்டும். ஒரு காகிதத்தை நடுவில் விட்டு இழுத்தால் கொஞ்சம் முரண்டு பிடித்து வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி இருக்கிறது, கிழிந்தால் அளவுக்கு மீறி இறுக்கம். இந்தச் சோதனையில் அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை, ஓட்டை போட்டபின் பட்டையை நகர்த்த முடியாது. சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள்.

ரப்பரை மறுபடி கழற்றிவிடுங்கள். பட்டையில் ஓட்டை இல்லையென்றால் நீங்களே போட வேண்டும். 82 செ.மீ. பட்டைக்கு நாலு ஓட்டை போதும், இரண்டு முனையிலிருந்தும் 5 செ.மீ. விட்டு, நடுவில் 24 செ.மீ.க்கு ஒன்று. அலுமினியத்தைத் துளைக்கும்போது ஹேமர் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். ஸ்க்ரூ தலை உள்ளே படிய, பெரிய பிட்டை ஓட்டையின் வாயில் லேசாக ஒரு சுற்று விட்டு எடுத்தால் குழி விழும். அப்புறம் பட்டையைக் கோட்டுக்குள் வைத்து, ஓட்டை வழியாகத் தரையில் புள்ளி வையுங்கள்.

தரையைத் துளைக்கிறதுதான் எல்லோரும் பயப்படுகிற இடம். பிட்டின் முனையிலிருந்து 45 மி.மீ. அளந்து ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், அந்த அளவில் நிறுத்திவிடலாம். முதலில் ஹேமர் இல்லாமல் மெதுவாகச் சுற்றி ஒரு சின்னக் குழி விழ வையுங்கள், இல்லையென்றால் பிட் நடனமாடி ஓட்டை அரை அங்குலம் தள்ளிப் போகும். பிறகு ஹேமரைப் போட்டு நேர் செங்குத்தாக அழுத்துங்கள், நடுநடுவே பிட்டை வெளியே இழுத்துத் தூளை விடுங்கள். மெஷினை ஆட்டினால் ஓட்டை பெரிதாகி உள்ளே பிளக் சும்மா சுற்றும். அப்படி ஆகிவிட்டால் 8 மி.மீ. பிட், 8 மி.மீ. பிளக், கூடவே அதற்கேற்ற தடித்த ஸ்க்ரூ என்று மாறிவிடுங்கள், தீக்குச்சி செருகுகிற வைத்தியம் வேண்டாம். உள்ளே இரும்பு தட்டி பிட் இறங்கவில்லை என்றால் முண்டாமல் ஓர் அங்குலம் தள்ளி வேறு ஓட்டை. வெளிப்படியின் விளிம்புக்கு இரண்டு அங்குலத்துக்குள் துளைக்காதீர்கள், மூலை பெயர்ந்து வரும். குளியலறைக் கதவு என்றால் அடியில் பைப் போகிறதா என்று முதலில் விசாரியுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் போடுங்கள், சிமெண்ட் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. டைல்ஸ் தரையாக இருந்தால், டைல்ஸைத் தாண்டும் வரை அதற்கான பிட்டால் ஹேமர் இல்லாமல்தான்.

ஓட்டைக்குள் இருக்கும் தூளைச் சைக்கிள் பம்ப்பால் ஊதி எடுங்கள். நான் வாயால் ஊதினேன், அன்று முழுக்கக் கண் சிவந்து கிடந்தது. தரையையும் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள், தூசி மேல் சிலிகான் ஒட்டாது.

பிளக்கைத் தரை மட்டத்துக்குச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். பட்டையின் அடிப்பக்கம் இரண்டு ஓரத்திலும் நீளமாக ஒரு கோடு சிலிகான், ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒரு வட்டம். தண்ணீரை நிறுத்துவது இந்தச் சிலிகான்தான். ஸ்க்ரூ பட்டையை அசையாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. இது தெரியாமல் முதல் தடவை நான் சிமெண்ட் பாலை ஊற்றி அதன் மேல் பட்டையை உட்கார வைத்தேன், ஸ்க்ரூவும் இல்லை. ஈரச் சிமெண்ட்டின் காரம் அலுமினியத்தை அரித்து வெள்ளையாகப் பூத்தது, நாலு மாதத்தில் மிதிக்கிறபோதெல்லாம் டக்கு டக்கு என்று சத்தம், அந்த ஐப்பசியில் தண்ணீர் பழையபடி உள்ளே.

பட்டையைக் கோட்டுக்குள் வைத்து அழுத்தி, ஸ்க்ரூக்களை நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்குங்கள். கடைசி இரண்டு சுற்று கையால்தான், மெஷினால் முடுக்கினால் பிளக் கழன்றுவிடும். ஓரங்களில் பிதுங்கி வருகிற சிலிகானைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் வழித்துவிடுங்கள். பட்டை நிலையைத் தொடுகிற இரண்டு மூலைகளிலும் தாராளமாக வையுங்கள், பாதி ஒழுக்கு அங்கேதான். ரப்பரைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது முடியவில்லை, பின்வாசல்தானே என்று நான் சும்மா விட்டிருக்க, அம்மா காலையிலேயே வந்து அதற்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து ஒரு குடம் தண்ணீரைப் பட்டை மேல் மெதுவாக ஊற்றுங்கள், உள்ளே ஒருவரை உட்கார வையுங்கள். எங்காவது கசிந்தால் அந்த இடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, நன்றாகக் காய்ந்தபின் இன்னொரு கோடு சிலிகான் வைத்தால் போதும். எனக்கு இடது மூலையில் கசிந்தது.