ஆற்றங்கரையில் கூடார முகாம்: கூடாரம் வாங்குவதற்கு முன்னால் ஓர் ஆண்டு வேலை

மாதம் இரண்டு பேராவது தொலைபேசியில் கேட்கிறார்கள்: "அண்ணா, ஆற்றை ஒட்டி ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. கூடாரம் எங்கே வாங்கினால் மலிவு?" கூடாரம் வாங்குவது அரை நாள் வேலை. அதற்கு முன்னால் ஓர் ஆண்டு வேலை கிடக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, பவானிக் கரையில், பாக்குத் தோப்பின் ஓரத்தில் எட்டுக் கூடாரங்கள் போட்டு ஒரு சிறு முகாம் நடத்துகிறேன். நான் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். நான் செய்த வரிசை வேறு, அதற்குக் கொடுத்த விலையும் வேறு.

முதல் படி: ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் ஆண்டுப் பொறுமையும்

தினமும் விடிந்ததும் கரையோரம் நடந்து பாருங்கள். யானை எந்த இடத்தில் இறங்கியது, எங்கே ஏறியது, லத்தி புதிதா பழையதா, குட்டியின் தடம் கூட இருக்கிறதா என்று தேதியோடு எழுதுங்கள். செங்குத்தான கரையில் யானை இறங்குவதை முடிந்தவரை தவிர்க்கும். சரிவு மெதுவாக, நிழல் நிறைந்து, மண் இறுகிக் கிடக்கும் துறையைத் தேடித்தான் அது வரும். கூடாரம் போட நாம் தேடுவதும் அதே இடம்தான். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

நான் முதலில் குறித்து வைத்த இடத்தில் நின்றால் ஆற்றின் வளைவு முழுவதும் தெரியும். எங்கள் பரிசல்காரப் பெரியவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, அவர்கள் வீட்டு வாசற்படியில் பாய் விரிக்கப் போகிறீர்களா?" என்றார். இரண்டு மாதம் குறிப்பெடுத்த பிறகுதான் அவர் சொன்னது புரிந்தது. வளர்ந்த யானை ஒன்று நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். மாசி தொடங்கி வைகாசி வரை மலைமேல் குட்டைகள் வற்றிப்போனால் அது ஆற்றுக்கு வந்தே தீர வேண்டும். அந்த வளைவை அப்படியே விட்டுவிட்டேன். என் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்றைக்கும் காலியாகக் கிடக்கிறது. வங்கி மேலாளருக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை.

இதில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். நீலகிரியில் சிகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பு வழித்தடத்தை உறுதி செய்தது. எங்கள் பக்கத்திலும் கல்லாறு வழித்தடம் இருக்கிறது. கோயில் யானைகளுக்கான நலவாழ்வு முகாமை முன்பு தேக்கம்பட்டியில் இதே பவானிக் கரையில் 48 நாள் நடத்திவந்தார்கள். அப்போது காட்டு யானை உள்ளே வராமல் இருக்க மின்வேலியும் கண்காணிப்புக் கோபுரமும் அமைக்க வேண்டியிருந்தது. அரசு முகாமுக்கே அந்தப் பாடு என்றால் நம் எட்டுக் கூடாரம் எம்மாத்திரம்!

இரண்டாம் படி: காகிதங்கள்

இது சலிப்பான வேலை, ஆனால் தப்பிக்க வழியில்லை. பட்டா, சிட்டா, புலப்படம் மூன்றையும் எடுத்து நில அளவரை வைத்து எல்லைக் கல் நடுங்கள். ஆறு திசை மாறி ஓடியிருக்கும். நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும் மணல் திட்டு பெரும்பாலும் ஆற்றுப் புறம்போக்காக இருக்கும். அதில் ஒரு முளைகூட அடிக்கக் கூடாது. மலைப்பகுதிக் கட்டுமானங்களுக்கு அனுமதி தரும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா என்று பாருங்கள். காடு பக்கத்தில் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. ஊராட்சி, சுற்றுலாத் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை என்று ஒவ்வொன்றாக முடியுங்கள். வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும்.

மூன்றாம் படி: தண்ணீரைப் படிப்பது

விலங்குகளைவிட ஆற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். யானை வரும்போது கிளை முறியும் சத்தமாவது கேட்கும்.

பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடிக்குள் போய்த் திரும்பி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. எங்களுக்கு மேலே பில்லூர் அணை. அணையின் முழு நீர்மட்டம் 100 அடி. 97 அடியைத் தொட்டால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். மின் உற்பத்திக்காகத் திறக்கும்போதும் மட்டம் திடீரென ஏறும். ஆனி, ஆடியில் அட்டப்பாடிப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது எங்கள் தலைக்கு மேலே வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். முழங்கால் நீரில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு வெள்ளம் வருகிறது என்று சொன்னால் நம்ப மாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் கதை மாறும். அப்போது வடகிழக்குப் பருவமழை, குன்னூர் மலைச் சரிவில் பெய்தது கல்லாற்றில் உருண்டு வரும். ஒரே ஊருக்கு இரண்டு வகை வெள்ளம். உங்கள் ஆற்றுக்கு எந்த வகை என்பதைக் கண்டுபிடியுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஊரில் வயதானவர் இரண்டு பேரை அழைத்து, அவர்கள் கண்ட மிக உயர்ந்த வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டு மரத்தில் கோடு போடுங்கள். கிளைகளில் சிக்கிக் கிடக்கும் பழைய துணியும் செத்தையும் அதற்குச் சாட்சி சொல்லும். கூடாரம், கழிப்பறை, சமையலறை மூன்றும் அந்தக் கோட்டுக்கு மேலேதான். பிறகு கரையில் ஒரு கல் தூண் நட்டு அரை அடிக்கு ஒரு பட்டை வண்ணம் அடியுங்கள். எங்கள் விதி எளிது. ஒரு பட்டை மூழ்கினால் நீரில் இருப்பவர்கள் அனைவரும் மேலே வர வேண்டும். இரண்டு மூழ்கினால் கரைக்கு இறங்கும் பாதையில் கயிறு கட்டிவிடுவோம். மூன்றாவதற்காகக் காத்திருப்பதில்லை. தெளிந்து ஓடிய தண்ணீர் கலங்கினாலோ, நுரையும் சருகும் சேர்ந்து வந்தாலோ, தூணைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

குளிக்க ஒரே ஓர் இடம், இடுப்பளவு ஆழம், பகலில் மட்டும், பணியாளர் ஒருவர் கரையில் நிற்கும்போது மட்டும். மடு எங்கே, சுழல் எங்கே, வழுக்குப் பாறை எங்கே என்பதைப் பரிசல்காரர் சொல்லட்டும், இணையத்தில் இருக்கும் வரைபடம் சொல்லாது. மது அருந்தியவரை நீரில் விடுவதில்லை. இதனால் சண்டை வரும், வந்துவிட்டுப் போகட்டும். கீழே பவானிசாகர் நீர்த்தேக்கத்திலும் மோயாற்றிலும் முதலை உண்டு. அந்தப் பக்கம் முகாம் போடுபவர்கள் குளிப்பதை முழுவதுமாக மறந்துவிடலாம்.

நான்காம் படி: ஆட்கள்

கூடாரத்துக்குச் செலவழிப்பதைவிட இதற்கு அதிகமாக யோசியுங்கள். எட்டுக் கூடாரத்துக்கு எங்களிடம் ஏழு பேர்: சமையலுக்கு இரண்டு பெண்கள், பரிசல்காரர், இரவுக் காவலுக்கு இருவர், துப்புரவுக்கு ஒருவர், வரவேற்பும் கணக்கும் பார்க்க ஒருவர். ஐந்து பேர் நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்கள், அதில் மூவர் இருளர்கள். தொடக்கத்தில் நகரத்திலிருந்து ஓட்டல் நிர்வாகம் படித்த ஒரு தம்பியை மேலாளராக வைத்தேன். மேசை விரிப்பு மடிப்பதில் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் மாலை, காவல்காரர் "இன்றைக்குத் தெற்குப் பக்கம் யாரையும் விட வேண்டாம்" என்றபோது, காரணம் கேட்டு வாதாடிக்கொண்டிருந்தார். காரணம் சொல்லத் தெரியாத அந்த மூக்கும் காதும்தான் நாம் சம்பளம் கொடுத்து வாங்கும் திறமை. அன்றிரவு ஒற்றைக் கொம்பன் அந்த வழியாகவே போனது.

அதனால் எங்கள் முகாமில் ஒரு விதி உண்டு: விலங்கு, தண்ணீர் இரண்டிலும் காவல்காரர் சொல்லே கடைசிச் சொல். முதலாளி உட்பட யாரும் மறுக்க முடியாது. இதை விருந்தினர் முன்னிலையில் நீங்களே கீழ்ப்படிந்து காட்டினால்தான் மற்றவர்கள் மதிப்பார்கள்.

சம்பளம் மாதம் பிறந்த ஐந்தாம் தேதிக்குள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி. விபத்துக் காப்பீடு, சுழற்சி முறையில் விடுமுறை. இரவு முழுக்க விழித்தவரை மறுநாள் காலை பாத்திரம் கழுவச் சொல்லாதீர்கள். விருந்தினர் கேட்கிறார்கள் என்பதற்காகப் பழங்குடியினரை ஆடிப் பாடச் சொல்வதும் வேண்டாம். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு உங்களை அழைத்தால் நீங்கள் போய்ப் பாருங்கள். முன்மாதிரி வேண்டுமானால் பரளிக்காட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள். பில்லூர் நீர்த்தேக்கத்தில் வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா அது. பரிசல் ஓட்டுவதும் சமைத்துப் பரிமாறுவதும் உள்ளூர்ப் பழங்குடி மக்கள்தான். உயிர்காப்பு மேலாடை இல்லாமல் பரிசலில் ஏற முடியாது. ராகிக் களிக்கு இரண்டாம் முறை கை நீட்டாதவர்களை நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: கூடாரமும் சமையலறையும்

இப்போது கூடாரம் வாங்கலாம். அடிப்பகுதி துணி சேர்த்துத் தைத்ததாக, ஜிப் முழுவதும் மூடக்கூடியதாக இருக்கட்டும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் கடித்தது தெரியாது, வலியும் இருக்காது. எனவே தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மரத்தளம் அமைத்து அதன்மேல் கூடாரம் போட்டோம். கழிப்பறைத் தொட்டி ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஒரு மாமரத்தடியிலோ பலா மரத்தடியிலோ கூடாரம் போடாதீர்கள். பழம் பழுத்த வாசனை காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதை யானைதான் அறியும்.

அதே காரணத்தால் சமையலறையைக் கூடாரங்களிலிருந்து தள்ளி வைத்தோம். உப்பு, வெல்லம், அரிசி, வாழைத்தார் எல்லாம் அன்றன்றைக்கு வேண்டியது மட்டும், அதுவும் இரும்புப் பெட்டியில். கூடாரத்துக்குள் பிஸ்கட் பாக்கெட்கூட இருக்கக் கூடாது. எச்சில் இலை இரவு தங்காது, பொழுது சாயும் முன்பே வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்புகிறோம். தாமதமானால் காட்டுப்பன்றி வரும். பகலில் குரங்கு வரும். ஒரே ஒரு விருந்தினர் ஒரே ஒரு நாள் குரங்குக்கு வடை கொடுத்தார், மூன்று மாதம் நாங்கள் அவதிப்பட்டோம்.

மின்வேலி பற்றிக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் காட்டை ஒட்டிய இடங்களில் சூரியசக்தி வேலிக்கும் முன் அனுமதி வேண்டும், அதற்கு 2023இல் தனி விதிகளே வந்துவிட்டன. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம். நாங்கள் சமையலறையைச் சுற்றி மட்டும் போட்டிருக்கிறோம். நிலம் முழுவதையும் வளைத்தால் யானை சுற்றிக்கொண்டு பக்கத்து வாழைத் தோப்புக்குள் போகும். பிறகு அந்த விவசாயியின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆறாம் படி: நாய், கோழி, மாடு

நாய் காவலுக்கு நல்லது என்று நானும் இரண்டு வளர்த்தேன். காட்டை ஒட்டிய இடத்தில் நாய் இரண்டு வினையைக் கொண்டுவரும். சிறுத்தைக்கு அது இரை. யானையைக் கண்டால் குரைத்துச் சீண்டிவிட்டு, அது துரத்தும்போது நேராக எசமானிடமே ஓடி வரும். இப்போது நாய்கள் ஊருக்குள் அக்கா வீட்டில் இருக்கின்றன. நாட்டுக்கோழியை மாலையில் பலகைக் கூண்டில் அடைக்கிறோம். பால் அக்கம்பக்கத்தில் வாங்கினால் போதும், மாடு வேண்டாம்.

பணம் செலவில்லாத காவலாளி ஆள்காட்டிக் குருவிதான். இரவில் எது நடமாடினாலும் கத்தும். வெட்டவெளித் தரையிலேயே முட்டையிடும் என்பதால் கோடையில் அந்த இடத்தைச் சுற்றிக் கற்களை அடுக்கி அடையாளம் வைக்கிறோம். நீர்நாய்க் கூட்டம் ஒன்று அவ்வப்போது வந்து போகிறது. பாறைமேல் மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த எச்சம் கிடந்தால் அவை வந்திருக்கின்றன என்று பொருள். யானை பார்க்க வந்துவிட்டு ஏமாந்த குடும்பங்களை, காலை ஆறரைக்கு எதிர்க்கரையைப் பார்த்துச் சத்தமில்லாமல் உட்காரவைத்தால் போதும். நீர்நாய்க் குட்டிகள் ஒன்றையொன்று தள்ளிவிட்டு விளையாடுவதைக் கண்ட பிறகு யாரும் யானையைப் பற்றிப் பேசுவதில்லை.

ஏழாம் படி: இரவு

ஆறரை மணிக்குத் தலை எண்ணுகிறோம். எட்டரைக்குச் சாப்பாடு முடியும். ஒன்பதரைக்குப் பிறகு கூடாரத்துக்கு வெளியே போக வேண்டுமென்றால் விசில் ஊத வேண்டும், காவல்காரர் வந்து கழிப்பறைவரை அழைத்துப் போவார். ஒலிபெருக்கி கிடையாது. மாசியிலிருந்து மழை பிடிக்கும்வரை தீமூட்டுவதும் கிடையாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ 23 உயிர்களைக் கொண்டுபோனதை மறந்தவர்களுக்கு நான் நினைவூட்டுகிறேன்.

பாம்பு கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, 108க்குச் சொல்லிவிட்டு, முகாம் வண்டியிலேயே புறப்பட வேண்டும். இதற்காக ஒரு வண்டியும் ஓட்டுநரும் இரவு முழுக்க முகாமிலேயே இருக்கிறார்கள். விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருப்பில் இருக்கிறது என்று மாதம் ஒரு முறை நேரில் போய்க் கேட்டு, சமையலறைச் சுவரில் எழுதி வைக்கிறோம்.

எட்டாம் படி: முதல் விருந்தினர்

முதல் விருந்தினர் நீங்களும் உங்கள் பணியாளர்களும்தான். முன்பதிவு திறப்பதற்கு முன்னால் ஒரு வாரம் அத்தனை கூடாரத்திலும் நீங்களே படுங்கள். எந்தக் கூடாரத்தில் ஈரம் ஏறுகிறது, எந்த ஜிப் பாதியில் சிக்குகிறது, எங்கிருந்து விசில் ஊதினால் காவல்காரருக்குக் கேட்கவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எங்களுக்கு நான்காம் எண் கூடாரத்திலிருந்து கேட்கவில்லை. ஆற்றின் இரைச்சல் விசிலை விழுங்கிவிட்டது. அதைப் பிரித்து, இருபது அடி மேலே நகர்த்திப் போட்டோம்.