மழைச் சாலையில் பழைய கார்களும் ஸ்போர்ட்ஸ் கார்களும்: நெல்லைச் சீமை ஓட்டுநர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெல்லைச் சீமையில் மழை ஒரே வகையானதன்று. ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து செங்கோட்டை, குற்றாலம், தென்காசி வட்டாரங்களில் சாரலாகத் தூவும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேற்கு மலை முதல் கிழக்குக் கடற்கரை வரை, சில நாள்களில் இரவு பகல் பாராமல், கொட்டித் தீர்க்கும். கோடையில் வானம் திடீரென்று கறுத்து, ஒரு மணி நேரம் இடியுடன் பெய்து ஓய்ந்துவிடும். புதிய குடும்பக் கார் ஓட்டுபவருக்கு இம்மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் முதலிய கருவிகள் அவருடைய பிழைகளில் பலவற்றை அவர் அறியாமலேயே திருத்திவிடுகின்றன. அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ, காண்டசாவோ வைத்திருப்பவருக்கு அந்த உதவி கிடையாது. மிகுந்த திறனைப் பின்சக்கரங்களுக்கு அனுப்பும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு அந்த உதவி இருந்தும் போதாத நேரங்கள் வரும். ஆகவே எந்த மழையில் சாலை எப்படி இருக்கும் என்பதை அறிந்து, அதற்கேற்ப வண்டியையும் கைகால்களையும் பழக்குவதே இங்கு முதல் பாடம்.

மூன்றிலும் ஆபத்தானது கொட்டும் மழைதான் என்று பலர் நினைக்கின்றனர். என் கணிப்பில் கோடை மழையின் முதல் அரை மணி நேரமே மிகவும் மோசமானது. மாதக்கணக்காகச் சாலையில் படிந்த புழுதியும், டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பரும், லாரிகள் சிந்திய எண்ணெயும் முதல் தூறலில் குழைந்து ஒரு வழுக்குப் பூச்சாக மாறுகின்றன. நல்ல மழை சிறிது நேரம் அடித்துப் பெய்தால்தான் அது கழுவிப்போகும். அந்த நேரத்தில் சாலையோரத் தேநீர்க் கடையில் வண்டியை ஓரங்கட்டுவது கோழைத்தனம் ஆகாது. சாரலோ சாலையை நனைக்குமே தவிர, முழுமையாகக் கழுவுவதில்லை; மரநிழல் விழும் இடங்களில் தரை நாள் முழுவதும் பிசுபிசுப்பாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை சாலையைத் துப்புரவாகக் கழுவிவிடும். ஆனால் தண்ணீரைத் தேக்கி வைக்கும்.

புறப்படுவதற்கு முன்

பழைய கார்களில் எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பார்க்க வேண்டியது டயர். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியின் டயரில் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும். ஆனால் ரப்பர் இறுகிக் கல்லாகியிருக்கும், ஈரத்தில் அது தரையைப் பிடிக்காது. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 1819 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் அந்த டயர் தயாரிக்கப்பட்டது என்று பொருள். ஆறு ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுதோறும் வெடிப்பு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பத்து ஆண்டுகளைத் தொட்டுவிட்டால் எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் மாற்றிவிட வேண்டும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை குறையச் சட்டம் அனுமதித்தாலும், மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டருக்குக் கீழ் இறங்கிய டயருடன் வெளியே செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய வகையான கிராஸ் பிளை டயரையும் இன்றைய வகையான ரேடியல் டயரையும் ஒரே வண்டியில் கலந்து போடக் கூடாது. வழுக்கும் தருணத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

அடுத்தது மின்பற்றவைப்பு. மழையில் பழைய கார் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் பெட்ரோல் காரணமில்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் புகுந்த ஈரமே காரணம். மூடியைக் கழற்றி, உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முனைகளுக்கிடையே பென்சிலால் கீறியதுபோல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால் மின்சாரம் அதன் வழியே கசிகிறது. துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டும். பிளக் வயர்களைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. இருட்டிய பிறகு பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, வயர்களின்மீது கைபடாமல் சற்றுத் தொலைவிலிருந்து தண்ணீரைப் பனிபோல் தெளியுங்கள். எந்த இடத்தில் நீலப்பொறி தாவுகிறதோ அங்கே காப்புறை கெட்டுவிட்டது. இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிக் கண்டறிய வேண்டிய கோளாறு இரண்டே நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். 1959இல் வந்த முதல் மினி காரில் இன்ஜின் குறுக்காக வைக்கப்பட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னே அமைந்திருந்ததால், மழையில் நின்றுபோகும் வண்டி என்றே அது பெயர் வாங்கியது. அதன் உரிமையாளர்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ரப்பர் கையுறை மாட்டி ஓட்டினர். அந்த உத்தி இன்றும் பழுதில்லை.

டைனமோ உள்ள வண்டிகளில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆவதில்லை. ஹெட்லைட்டும் வைப்பரும் இயங்க, வண்ணார்பேட்டை நெரிசலில் கால் மணி நேரம் நின்றால் பேட்டரி தளர்ந்துவிடும். நிற்கும்போது ஆக்சிலேட்டரைச் சற்றே மிதித்து இன்ஜின் வேகத்தை உயர்த்தி வையுங்கள். வைப்பர் ரப்பரை ஒவ்வோராண்டும் ஐப்பசிக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. நம் ஊர் வெயில் ஒரே கோடையில் அதை மொரமொரப்பாக்கிவிடுகிறது. ஏசி இல்லாத கார்களில் கண்ணாடியில் ஆவி படர்வது பெருந்தொல்லை. முன்கதவுகளில் உள்ள சிறிய முக்கோணக் கண்ணாடியை மழைத்துளி உள்ளே வராத அளவுக்குத் திறந்து வைத்தால் காற்று உள்ளே சுழன்று ஆவி கலையும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஓட்டும் முறை

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. பிரேக்கை மிதித்த பிறகு நல்ல காய்ந்த சாலையில் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கக்கூடிய வண்டி, ஈரச் சாலையில் 35 மீட்டர் வரை எடுத்துக்கொள்ளும். டயர் இறுகியிருந்தால் அதையும் தாண்டும். எனவே முன்னால் செல்லும் வண்டி ஒரு மைல்கல்லைக் கடந்ததிலிருந்து நாம் அதே கல்லைக் கடக்க நான்கு நொடிகளாவது ஆக வேண்டும்.

ஏபிஎஸ் இல்லாத வண்டியில் பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்; பூட்டிய முன்சக்கரம் திசை திரும்பாது. சக்கரம் பூட்டுவதற்குச் சற்று முன்புள்ள அழுத்தத்தைக் கால் அறிந்து வைத்திருக்க வேண்டும். பூட்டிவிட்டால் உடனே சற்று விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். இடத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, ஆளற்ற ஒரு மைதானத்தில், 30 கிலோமீட்டர் வேகத்தில், ஈரத்தரையில் இதைப் பழகிக்கொள்ளலாம். இதற்கு இணையான பயிற்சி வேறில்லை. ஏபிஎஸ் உள்ள ஸ்போர்ட்ஸ் காரில் நேர்மாறாகச் செய்ய வேண்டும்: முழுமையாக அழுத்தி, பெடல் அதிர்ந்தாலும் காலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். இரண்டு வகை வண்டியும் வைத்திருப்பவர்கள் எதில் அமர்ந்திருக்கிறோம் என்பதைப் புறப்படும்போதே மனத்தில் நிறுத்திக்கொள்வது அவசியம்.

அம்பாசிடர், பத்மினி, காண்டசா ஆகிய மூன்றும் பின்சக்கர இயக்கம் கொண்டவை. இவற்றில் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துக் கியரையும் மாற்றிவிட வேண்டும். வளைவின் நடுவில் கியரைக் குறைத்து கிளட்சைச் சட்டென்று விட்டால், இன்ஜினின் இழுவை பின்சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்தி, வண்டியின் பின்பகுதியை வெளியே தள்ளிவிடும். வழக்கமாக இரண்டாம் கியரில் எடுக்கும் வளைவை மழையில் மூன்றாம் கியரில் எடுத்தால் ஆக்சிலேட்டரின் ஒவ்வோர் அசைவும் மென்மையாகிறது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் கூடுதல் கவனம் வேண்டும்: வளைவில் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால், அதன் பின் ஆக்சில் அமைப்பினால் வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கி, பிடிப்பு ஒரே கணத்தில் போய்விடும். போர்ஷே 911 போல இன்ஜின் பின்னால் உள்ள கார்களிலும், காரணம் வேறாயினும், பாடம் அதுவே: வளைவுக்குள் நுழைந்த பிறகு காலைப் படக்கென்று எடுக்கக் கூடாது.

பின்பகுதி விலகிவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள். எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை அளவாகத் திருப்பி, போக வேண்டிய இடத்தின்மீதே கண்ணை வைத்திருங்கள். புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கை அங்கேதான் வண்டியைக் கொண்டுபோகும். வண்டி நிமிரத் தொடங்கியதும் ஸ்டியரிங்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதில் தாமதித்தால் வண்டி மறுபக்கம் வீசும், பெரும்பாலான விபத்துகள் இந்த இரண்டாவது வீச்சில்தான் நேர்கின்றன.

நவீன ஸ்போர்ட்ஸ் கார்களில், சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை மழையில் அணைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இப்போதைய 911இல், முன்சக்கர வளைவுக்குள் தெறிக்கும் நீரின் ஓசையை உணரும் கருவிகளே வைக்கப்பட்டு, சாலை ஈரமானதும் ஓட்டுநரை எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கையை மதித்து மழைக்குரிய நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்குவழிச் சாலையில் தேங்கிய நீரின்மேல் டயர் மிதப்பது தனி ஆபத்து. நாசா ஆய்வாளர்கள் 1960களில் வகுத்த கணக்கின்படி, டயரின் பள்ளங்களால் வெளியேற்ற முடியாத அளவு நீர் இருந்தால், 25 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் ஏறத்தாழ 83 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டு எழும்புகிறது, 36 பி.எஸ்.ஐ. என்றால் ஏறத்தாழ 100. காற்று குறைந்த டயர் ஏன் மழையில் ஆகாது என்பதற்கு இதுவே விடை. எடை குறைந்த காரில் அகலமான டயர் விரைவில் மிதக்கும். அம்பாசிடரின் குறுகிய, உயர்ந்த டயர் நீரைக் கிழித்துச் செல்வதில் அதைவிட மேல். ஸ்டியரிங் திடீரென்று இலகுவாகி, இன்ஜின் சத்தம் உயர்ந்தால் மிதக்கிறோம் என்று பொருள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, டயர் தரையைத் தொடும்வரை பொறுத்திருங்கள்.

நம் சாலைகளின் இயல்புகள்

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை மலைப்பாதையில் ஏறும்போது, கேரளத்துக்குக் கனிமம் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்னால் செல்ல நேரும். நிறைந்த டாங்கிலிருந்து டீசல் வளைவுகளில்தான் தளும்பும். ஈரத்தில் வானவில் நிறம் மின்னும் இடத்தைக் கண்டால் அதன்மீது திருப்பவும் வேண்டாம், பிரேக் பிடிக்கவும் வேண்டாம். இறங்கும்போது டிரம் பிரேக்கை நம்பாமல், மேலேயே கியரைக் குறைத்துக்கொண்டு இறங்குங்கள். பணகுடி, காவல்கிணறு பகுதியில் தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று குறுக்கே அறையும். பேருந்தை முந்தி அதன் மறைவிலிருந்து வெளிவரும் கணத்தில் எடை குறைந்த காரை அது ஒரு முழம் நகர்த்திவிடும். கான்வாஸ் கூரை வண்டிகளுக்கு இன்னும் மோசம்.

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் வழியில் பிசானப் பருவ நெல் நடவுக் காலத்தில் வயலிலிருந்து சாலையேறும் டிராக்டர்கள் சேற்றைக் கட்டிகட்டியாக உதிர்த்துச் செல்லும். கார்ப் பருவ நெல் அறுவடை தாமதமான ஆண்டுகளில் வைக்கோலும் சேர்ந்து கிடக்கும். ஈர வைக்கோலின்மேல் எந்த டயரும் நிற்காது.

தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தையும், குளம் பெருகி மறுகால் பாய்ந்து சாலையைக் கடக்கும் இடத்தையும் பற்றி நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை: ஆழம் தெரியாவிட்டால் இறங்காதீர்கள், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் ஆழம் தெரிந்தாலும் இறங்காதீர்கள். ஓடும் நீர் ஓரடி ஆழம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும். தேங்கிய நீர் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் கீழே இருப்பது உறுதியானால் மட்டும், முதல் கியரில், நடை வேகத்தில், நிறுத்தாமல் கடக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இதுவும் பொருந்தாது. காற்று உறிஞ்சும் குழாய் பல வண்டிகளில் பம்பருக்குப் பின்னே தாழ்வாக இருக்கிறது, அதன் வழியே நீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் கயிறு கட்டி இழுத்து வந்து, பிளக்குகளைக் கழற்றிய பின்னரே இன்ஜினைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்து, தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லை சந்திப்புப் பகுதியே நீரில் மூழ்கியது. அத்தகைய எச்சரிக்கை வந்த நாளில் பழைய காரை எடுக்கக் கூடாது என்பதோடு, அது ஆற்றங்கரைத் தாழ்வில் நிற்கிறதா என்றும் பார்த்து, பாளையங்கோட்டை மேட்டுப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்திவிடுவது நலம்.

திரும்பி வந்த பின்

நீரைக் கடந்ததும் டிரம் பிரேக் சிறிது தூரம் பிடிக்காது, அல்லது ஒரு பக்கமாக இழுக்கும். பின்னால் வண்டி இல்லாத இடத்தில் இடக்காலால் பெடலை லேசாக அழுத்தியவாறே சிறிது தூரம் ஓட்டினால் சூட்டில் லைனிங் காய்ந்துவிடும். வீடு சேர்ந்ததும் அடிப்பகுதிச் சேற்றை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கதவின் அடிவிளிம்பிலுள்ள நீர்த் துளைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்தி அடைப்பை நீக்குங்கள். பழைய கார்களின் கதவு துருப்பிடிப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் ஈரமிருந்தால் வெயில் வரும்வரை விரிப்பை வெளியிலேயே வையுங்கள். கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் கசிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இரவில் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து நிறுத்துங்கள். ஈர லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டால் மறுநாள் சக்கரம் சுழலாது. சுத்தியலால் தட்டித்தான் விடுவிக்க வேண்டியிருக்கும்.