மாடித்தோட்டத்துல நண்டுச் சிலந்தி தேடுறது எப்படி (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

பூச்செடி வச்சிருக்கிற பல வீட்டுல இது இருக்கும், நம்ம கண்ணுல படாது, அவ்ளோதான். பூச்சி பிடிக்க வலை கட்டாது, பூ மேலயே அசையாம உக்காந்து வர்ற ஈ, தேனீ, பட்டாம்பூச்சியை லபக்குனு அமுக்கிடும். நம்ம ஊர்ல பூவுல அதிகம் கண்ணுல படுறது தோமிசஸ் வகை. பொண்ணு கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வரும், ஆண் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான், அது ப்ரவுனா பொண்ணோட முதுகுல ஒட்டிக்கிட்டு இருந்தா குட்டின்னு நெனச்சிடாதீங்க, அது வீட்டுக்காரர்.

ஸ்டெப் 1: நேரமும் செடியும்

காலைல வெயில் ஏறி தேனீ வர ஆரம்பிச்சதும் போங்க. சாமந்தி, துலுக்க சாமந்தி, காஸ்மாஸ், நந்தியாவட்டை எதுன்னாலும் சரி. தோட்டம் இல்லாதவங்க ரோட்டோரம் வெட்டுக்காயப் பூண்டுல பாருங்க. பூச்சிமருந்து அடிச்ச செடியில தேடுறது டைம் வேஸ்ட்.

ஸ்டெப் 2: சிலந்தியைத் தேடாதீங்க

இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறோம். வெள்ளைப் பூவுல வெள்ளைச் சிலந்தி, மஞ்சள்ல மஞ்சள், ஒவ்வொரு இதழா உத்துப் பார்த்தா கண்ணுதான் வலிக்கும். அதனால தேனீயைப் பாருங்க. தேனீ ஒரு பூவுல சில செகண்டுதான் நிக்கும், அடுத்ததுக்குப் போயிடும். ஏதாவது ஒண்ணு கிளம்பாம அங்கயே இருக்கா, தலை ஒரு பக்கமா தொங்குதா, றெக்கை காத்துல மட்டும் ஆடுதா, கிட்ட போங்க, கீழ நம்ம ஆளு இருப்பாங்க. தலைக்குப் பின்னாடி கழுத்துலதான் பெரும்பாலும் கடிச்சிருக்கும். நூல் சுத்தாது, சின்ன ஓட்டை வழியா சாறை மட்டும் உறிஞ்சிட்டு காலியான உடம்பை முழுசா கீழ போட்டுடும், அதனால பூவுக்குக் கீழ இலையில காய்ஞ்ச தேனீ கிடந்தாலும் அதே பூவை மேல பாருங்க. செத்த தேனீ மேல கடுகை விட சின்னதா கருப்பு ஈ நாலஞ்சு மொய்க்கிறதும் உண்டு, சிலந்தி சாப்பிடும்போதே பங்கு கேட்டு வர்ற கோஷ்டி அது, துரத்தாம நின்னு பாருங்க செம காமெடி.

ஸ்டெப் 3: கிட்ட போறது

உங்க நிழல் பூ மேல விழக்கூடாது. விழுந்துச்சுன்னா இதழுக்கு அடியில போயிடும், நீங்க சுத்தி வந்தா அதுவும் சுத்தும். இதுக்கு நான் வச்சிருக்கிறது சின்ன மேக்கப் கண்ணாடி, பூவுக்குக் கீழ நீட்டுனா அடிப்பக்கம் பூரா தெரியும், செடியைத் தொடவே வேணாம். சில சமயம் பொத்துனு விழுந்துடும், பயப்படாதீங்க, நூல்லதான் தொங்கிட்டு இருக்கும், அப்படியே நின்னீங்கன்னா திரும்ப ஏறி வரும்.

ஸ்டெப் 4: போட்டோ

காஸ்ட்லி கேமரா வேணாம், போன்ல மாட்டுற கிளிப் மேக்ரோ லென்ஸ் போதும். சும்மா பார்க்க மட்டும்னா 10 எக்ஸ் கைலென்ஸ்தான் என் சாய்ஸ். வெள்ளைச் சிலந்தி போட்டோல வெளுத்துப் போகும், அதனால சிலந்தி மேல தொட்டு போகஸ் பண்ணிட்டு ப்ரைட்னஸை நல்லா கீழ இழுங்க. ஃப்ளாஷ் ஆஃப். காத்தடிச்சா தண்டை ஒரு குச்சியோட சேர்த்து துணி கிளிப் போட்டுடுங்க. தோமிசஸ்னா தலையோட ரெண்டு மூலையும் கூம்பு மாதிரி துருத்திட்டு இருக்கும், அதுலதான் கண்ணு, அந்த ஷாட் கிடைச்சா விடாதீங்க.

அப்டேட் 1: "பச்சையா இருக்கு, காலெல்லாம் முள்ளு"ன்னு போட்டோ அனுப்புறீங்க. அது லிங்ஸ் சிலந்தி, அதுவும் வலை கட்டாம வேட்டையாடும். முன்னாடி ரெண்டு ஜோடி கால் மட்டும் நீளமா, பக்கவாட்டுல விரிஞ்சிருந்தாதான் நம்ம ஆளு.

அப்டேட் 2: கலர் மாறுமான்னு கேட்டீங்க. ஐரோப்பா, அமெரிக்காவுல இருக்கிற மிசுமெனா வாட்டியாங்கிற நண்டுச் சிலந்தியை நல்லா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, வெள்ளைல இருந்து மஞ்சளாக 10 முதல் 25 நாள், திரும்ப வெள்ளையாக 6 நாள் போல. ஓணான் மாதிரி கண் முன்னாடி மாறும்னு காத்திருக்காதீங்க, தினமும் ஒரே வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து வைங்க.

அப்டேட் 3: யூவி (புற ஊதா) டார்ச் அடிச்சா சிலந்தி தெரியும்னு நெனச்சு வாங்காதீங்க. ஆஸ்திரேலியாவுல ஒரு தோமிசஸ் யூவி வெளிச்சத்தைப் பிரதிபலிச்சு தேனீயைப் பூவுக்கு இழுக்குதுன்னு 2003ல கண்டுபிடிச்சாங்க, உண்மைதான், ஆனா அந்த யூவி தேனீ கண்ணுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது.

அப்டேட் 4: "நேத்து இருந்துச்சு, இன்னைக்குக் காணோம்"னு சொல்றவங்க முதல்ல பூஜை ரூம்ல பாருங்க. காலைல சாமிக்குப் பறிக்கிற பூவோட அதுவும் கூடைக்குப் போயிடுது. ஒரு செடியை மட்டும் பறிக்காம விடச் சொல்லி வீட்டுல பேசி வைங்க, கூடையில மாட்டுனதை ஒரு இலையில ஏத்தி திரும்ப விட்டுடுங்க, மனுஷங்களுக்கு ஆபத்தில்லாத சிலந்திதான். பக்கத்துல ஒரு இலை மடிஞ்சு நூலால ஒட்டியிருந்தா அதைப் பிரிக்காதீங்க, உள்ள முட்டை இருக்கலாம், இருந்தா அம்மாவும் அங்கதான் காவல் இருக்கும்.