வீடு சூடாகவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

பனிக்காலத்தில் டொரோண்டோவின் ஸ்காபரோ பகுதியில் உறவினர் யார் கூப்பிட்டு "வீடு சூடாகுதில்லை" என்றாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சூடு எதன் வழியாக அறைக்குள் வருகிறது? அது தெரியாமல் கை வைக்கக்கூடாது.

தரையிலோ சுவரடியிலோ உள்ள துளைகளில் காற்று வந்தால், பேஸ்மென்டில் இருப்பது ஃபேர்னஸ், அதாவது காற்றைச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்பும் உலை. இங்கே தனிவீடுகளில் பெரும்பாலும் எரிவாயுவில் ஓடும் இதுதான் இருக்கும். பக்கத்தில் நின்று காது கொடுங்கள். சுவரில் வெப்பநிலையைக் கவனிக்கும் தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் ஒரு சின்ன விசிறி சுற்றும். புகை வெளியேற அதுதான் வழி செய்கிறது. காற்றோட்டம் சரியென்று ஒரு சுவிட்ச் உறுதி செய்த பிறகே பற்றவைக்கும் துண்டு சிவக்கும், வாயு திறக்கும், நீலத் தீ எழும்பும். தீ பிடித்ததை ஒரு மெல்லிய கம்பி உணராவிட்டால் சில நொடிகளில் வாயு அடைபட்டுவிடும். எல்லாம் சரியென்றால், சற்றுப் பொறுத்துப் பெரிய விசிறி தொடங்கும்.

எந்தப் படியில் நிற்கிறது என்பதே பாதி விடை. சின்ன விசிறி சுற்றியும் தீ வரவில்லையா? வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய்களின் வாயைப் பனி மூடியிருக்கலாம், கையால் அள்ளிவிடுங்கள். தீ வந்தும் இடையில் அணைந்து அணைந்து எரிகிறதா? உள்ளே போகும் காற்றின் தூசியைத் தடுக்கும் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். புது ஃபில்டரின் விளிம்பில் உள்ள அம்புக்குறி ஃபேர்னஸைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அதற்கு மேல் உள்ளதை உரிமம் பெற்றவரிடம் விடுங்கள்.

வாயு வாசனை வந்தாலோ கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ எதையும் ஆராய வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து 911ஐ அழையுங்கள்.

பழைய கட்டடங்களில் பொயிலர் சூடாக்கிய தண்ணீர் ரேடியேட்டர்களில் ஓடும். அடி சூடாகவும் மேல் குளிராகவும் இருந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. மேல்முனையில் உள்ள சின்னத் திருகைச் சாவியால் தளர்த்தினால் "உஸ்" என்று காற்று போகும். தண்ணீர் வந்ததும் இறுக்குங்கள். வாடகை அபார்ட்மென்ட் என்றால் சூப்பரிடம், அதாவது கட்டடத்தைப் பராமரிப்பவரிடம் சொல்லிவிடுங்கள். சூட்டை வீட்டுக்காரர் தருகிற கட்டடங்களில் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது டொரோண்டோ நகரச் சட்டம். கேட்பதற்குத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.

சுவரடியில் நீளமான மின்சார ஹீட்டர் இருந்தால் சோஃபாவையும் திரைச்சீலையையும் தள்ளி வையுங்கள். சூடாகாவிட்டால் மின்பெட்டியில் அதற்குரிய பிரேக்கர் சுவிட்ச் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான்.

அப்புறம் ஹீட் பம்ப். இது சூட்டை உண்டாக்குவதில்லை. ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுபோல, இது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே கொண்டுவருகிறது. அதனால்தான் மின்சார ஹீட்டரைவிடச் செலவு குறைகிறது. வெளியே உள்ள பெட்டியில் திடீரென ஆவி கிளம்பினால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். தன்மேல் படிந்த உறைபனியை உருக்குகிறது, சில நிமிடத்தில் பழையபடி ஓடும். இரவில் வெப்பநிலையை நிறையக் குறைத்துவிட்டுக் காலையில் ஒரேயடியாக ஏற்றவும் வேண்டாம். பல வீடுகளில் துணைக்கு இருக்கும் மின்சார ஹீட்டர் அப்போது சேர்ந்து ஓடி, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.