கழுத்து வலிக்கு ஒரு சுவர் போதும்

மொரீசியஸில் கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிக்கு மெட்ரோவில் போகும்போது ஒருநாள் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். பெட்டியில் பாதிப் பேர் கைப்பேசிக்குள் கவிழ்ந்திருந்தார்கள். அந்த நிமிடம் வரை நானும் அப்படித்தான்.

நம் தலை ஏறக்குறைய 5 கிலோ. நேராக இருந்தால் முதுகெலும்பு அதைச் சுலபமாகத் தாங்கிவிடும். முன்னால் சாயச் சாய, பின்கழுத்துத் தசைகள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். 60 டிகிரி குனிந்தால் சுமை 27 கிலோ வரை ஏறும் என்று ஒரு கணக்கு உண்டு. சாயங்காலம் தோள்பட்டை கல்லாகிக் கிடக்காமல் என்ன செய்யும்?

சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். பின்தலை சுவரைத் தொடுகிறதா? தொடவில்லை என்றால் அண்ணாந்து தொடப் பார்க்காதீர்கள். எல்லாரும் செய்யும் தப்பு அது. பார்வை நேரே இருக்கட்டும். மேசை இழுப்பறையை உள்ளே தள்ளுவதுபோல் மோவாயை மட்டும் பின்னுக்குக் கொண்டுபோங்கள். இரட்டைத் தாடை விழும், பரவாயில்லை, யாரும் படமெடுக்கப் போவதில்லை. 5 விநாடி அப்படியே வைத்திருந்து, பிறகு தளர்த்துங்கள். 10 முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை.

சுவர் இல்லாத இடத்தில் எனக்கு உதவுவது தைப்பூசம்தான். தலையில் பால்குடம் ஏந்தி நடப்பவர்களின் கழுத்தைப் பாருங்கள், கோணவே கோணாது. அந்தக் குடம் நம் தலையிலும் இருப்பதாக நினைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம், கைப்பேசியைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். மடிக்கணினிக்கு அடியில் நாலு தடித்த புத்தகம். கை மரத்துப்போனாலோ, வலி தோளிலிருந்து விரல்வரை ஓடினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.