பிறவி மச்சத்துக்கு லேசர் போடப் போறீங்களா?

லேசர்னு முடிவு பண்ணதும் எல்லாரும் கேக்குறது எத்தனை சிட்டிங், வலிக்குமான்னுதான், ஆனா அதுக்கு முன்னாடி இது எந்த வகை மச்சம்னு ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டி தெரிஞ்சுக்கணும். கண்ணச் சுத்தி சாம்பல் நீலமா படர்ந்திருந்தா அது பெரும்பாலும் ஓட்டா நீவஸ், லேசருக்கு நல்லா கேக்குற ஆளு இவர்தான் (இது இருக்கறவங்களுக்கு கண் பிரஷரும் செக் பண்ணிக்கறது நல்லது). காபி கலர்ல தட்டையா இருக்கறது அப்படியில்ல, மறைஞ்ச மாதிரி இருந்துட்டு சில மாசத்துல திரும்ப எட்டிப் பாக்கும், அந்த மாதிரி 6 அல்லது அதுக்கு மேல இருந்தா லேசர விட்டுட்டு மொதல்ல நரம்பு சம்பந்தமான பரம்பரைப் பிரச்சனை இருக்கான்னு பாக்கச் சொல்லுவாங்க. குழந்தை முதுகு, இடுப்புல நீலமா இருக்கறது பெரும்பாலும் வளர வளர தானா போயிடும், சும்மா விடுங்க. பொறந்ததுலேர்ந்தே தடிப்பா முடியோட இருக்குற பெரிய மச்சத்துல மட்டும் அவசரப்படவே கூடாது, லேசர் மேல இருக்குற கருப்பத்தான் எடுக்கும், அடியில செல் அப்படியே இருக்கும், நாளைக்கு அதுல ஏதாவது கெட்டதா மாறினா கண்ணுக்கே தெரியாது.

கியூ-ஸ்விட்ச்டு லேசர் கண் இமைக்கறதவிட பல மடங்கு வேகமா சுட்டு, தோலுக்கு நிறம் குடுக்கற மெலனின தூளாக்குது, அந்தத் தூள உடம்புதான் மெதுவா அள்ளிட்டுப் போகணும், அதனாலதான் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் நடுவுல ரெண்டு மூணு மாசம் விடுவாங்க. மாநிறம், கருப்பு தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் இருக்குற லேசர் கொஞ்சம் பாதுகாப்பு. எதுவானாலும் ஒரு ஓரத்துல டெஸ்ட் பேட்ச் போட்டுப் பாக்காம முழுசா சுட ஒத்துக்காதீங்க.

வெயில்ல கருத்துப் போய் வந்து உக்காராதீங்க, பருவுக்கு மாத்திரை சாப்பிட்டா மறைக்காம சொல்லிடுங்க. மரத்துப்போற க்ரீம் தடவி ஒரு மணி நேரம் ஆனாலும் ரப்பர் பேண்ட இழுத்து விட்ட மாதிரி சுள்ளுனு இருக்கும், பட்ட இடம் உடனே வெள்ளையாகும், முடி கருகின வாடை வரும், பயந்துடாதீங்க. கண் இமை பக்கம்னா வெளிய கண்ணாடி பத்தாது, இமைக்குள்ள வைக்கற ஷீல்டு இருக்கான்னு கேளுங்க.

அப்புறம் வர்ற பொருக்க நோண்டாம வாசலின் தடவிட்டு விட்டா பத்து நாள் வாக்குல தானா உதிரும். சன்ஸ்க்ரீன் கண்டிப்பா வேணும், இல்லன்னா அந்த இடம் முன்னவிட கருத்துடும். கொப்புளம், சீழ் வந்தாலோ வெள்ளத் திட்டு விழுந்தாலோ அடுத்த சிட்டிங் வரைக்கும் காத்திருக்காம உடனே போய் காட்டுங்க.